உங்கள் தெருப் பிரச்சினையை நகர்மன்றத் தீர்மானமாக்குவது எப்படி? மனு முதல் பணி ஆணை வரை

தெருவில் சாக்கடை வழிகிறது. கவுன்சிலரிடம் சொல்கிறோம். "அடுத்த கூட்டத்துல பேசிடறேன்" என்கிறார். சொன்னபடியே பேசுகிறார், மறுநாள் பேப்பரிலும் வருகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சாக்கடை அப்படியேதான் வழிகிறது.

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கேட்டு அலைந்ததில் இது ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டேன். நகர்மன்றக் கூட்டத்தில் பேசுவது வேறு, முடிவெடுப்பது வேறு. கூட்டத்துக்கு முன்பே அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்களே, அந்த அஜெண்டாவில் பொருள் எண் போட்டு வந்த விஷயம்தான் தீர்மானமாகும். தீர்மானம் ஆனால்தான் பணம் ஒதுக்க முடியும், டெண்டர் விட முடியும். ஆகவே உங்கள் குறி கூட்ட நாள் அல்ல, அஜெண்டா தயாராகும் நாட்கள். அலைச்சலில் பாதி இது தெரியாமல் வருவதுதான்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கு. பேரூராட்சியிலும் ஏறக்குறைய இதே வழிதான், ஆணையருக்குப் பதில் அங்கே செயல் அலுவலர் இருப்பார். மாநகராட்சியில் மண்டலக் குழு, நிலைக்குழு என்று இடையில் இன்னும் சில படிகள் உண்டு.

1. முதலில் இது நகராட்சி வேலைதானா என்று பாருங்கள்

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் எல்லாமே நகராட்சியுடையது இல்லை. பேருந்து ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அந்தச் சாலையோர வடிகாலுக்கு நகராட்சியில் மனு கொடுத்தால், "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற பதில் சில வாரம் கழித்து வரும். ஏரி, ஓடை என்றால் நீர்வளத் துறையா என்று பாருங்கள். மின்கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம். அதே கம்பத்தில் விளக்கு எரியாவிட்டால் நகராட்சி. பட்டா, புறம்போக்கு என்றால் வட்டாட்சியர் அலுவலகம். ரேஷன் கடை என்றால் வட்ட வழங்கல் அலுவலர்.

புது மனைப்பிரிவுகளில் குடியேறியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மனைப்பிரிவின் சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனை போட்டவர் தானப் பத்திரம் எழுதி நகராட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத சாலை இன்னும் தனியார் நிலம்தான். அதில் நகராட்சி நிதியைச் செலவழித்தால் தணிக்கையில் சிக்கல் வரும் என்பதால் பொறியியல் பிரிவு கோப்பைத் தொடவே தயங்கும். எத்தனை பேர் கையெழுத்துப் போட்ட மனுவாக இருந்தாலும் இங்கே வந்து நின்றுவிடும். நகரமைப்புப் பிரிவில் உங்கள் மனைப்பிரிவின் அனுமதி எண்ணைச் சொல்லித் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் தெரியும். பார்ப்பதற்குக் காசு கிடையாது. தானப் பத்திரம் இல்லையென்றால் உங்கள் முதல் வேலை அதை எழுத வைப்பதுதான், வடிகால் அதற்கப்புறம்.

இன்னொன்று. எரியாத தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை, அள்ளாத குப்பை இதற்கெல்லாம் மன்றத் தீர்மானம் தேவையே இல்லை. அன்றாடப் பராமரிப்புக்குள் வருபவை அவை. முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணுக்கோ சம்பந்தப்பட்ட பிரிவுக்கோ புகார் கொடுத்தால் போதும். புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும், பெரிய தொகை ஒதுக்க வேண்டும் என்றால்தான் மன்றத்துக்குப் போக வேண்டும்.

2. ஆதாரம் சேருங்கள்

"எங்கள் தெருவில் வடிகால் வசதி இல்லை" என்று மட்டும் எழுதிய மனுவை வைத்து யாராலும் மதிப்பீடு, அதாவது வேலைக்கு ஆகும் செலவுக் கணக்கு, போட முடியாது. உங்களிடம் இருக்க வேண்டியவை:

- படங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும்போது எடுத்தவை, தேதி தெரிய வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அடையாளம் சொல்லக்கூடிய ஒன்று இருக்கட்டும்: கதவு எண், கோயில் கோபுரம், மின்கம்பத்தின் எண். மின்கம்ப எண் நன்றாகப் பயன்படும், அதை யாரும் மறுக்க முடியாது.
- நீளம். நாடா வைத்து அளந்து மீட்டரில் எழுதுங்கள். எந்தக் கதவு எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, கடைசியில் எந்த வடிகாலில் சேர வேண்டும் என்று ஒரு தாளில் கையாலேயே படம் போட்டுக் கொடுத்தாலும் போதும்.
- கையெழுத்துகள். பெயருக்குப் பக்கத்தில் கதவு எண்ணும் சொத்துவரி விதிப்பு எண்ணும் எழுதுங்கள். வரி கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் தெரியும். ஆதார் நகல் எதுவும் இணைக்க வேண்டாம், அதற்கு இங்கே வேலையே இல்லை. தொடர்புக்கு ஒருவருடைய கைபேசி எண் போதும்.
- இதற்கு முன் யாராவது மனு கொடுத்திருந்தால் அதன் நகலும் பதிலும்.

வார்டு எண்ணை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மறுவரையறைக்குப் பிறகு பல ஊர்களில் பழைய வார்டு எண்ணும் புது எண்ணும் குழம்பிக் கிடக்கின்றன. வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய எண்ணைப் பார்த்து எழுதிவிட்டால் மனு வேறு வார்டின் பணி ஆய்வாளரிடம் போய்விடும். சமீபத்திய சொத்துவரி ரசீதில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மனு எழுதுதல்

ஒரு மனு, ஒரு கோரிக்கை. வடிகால், தெருவிளக்கு, நாய்த் தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று பிரிவுக்கும் அந்தத் தாள் சுற்றும், யாருக்கும் சொந்தமாகாது.

மனுவை ஆணையருக்கு எழுதுங்கள். நகர்மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர், நகராட்சிப் பொறியாளர் மூவருக்கும் நகல் என்று கீழே குறிப்பிட்டு, தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். முகஸ்துதியும் வேண்டாம், கோபமும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இருந்தால் படிப்பார்கள். மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட தெருவில் கதவு எண் 1 முதல் 42 வரை சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் வெளியேற வழியின்றி வீடுகளுக்குள் புகுகிறது (படங்கள் இணைப்பு 1). தெருவின் கிழக்கு முனையில் ஏற்கெனவே நகராட்சி வடிகால் உள்ளது (வரைபடம் இணைப்பு 2). எனவே நேரில் ஆய்வு செய்து, மதிப்பீடு தயாரித்து, நகர்மன்றத்தின் அனுமதிக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால், "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்து கோப்பு மூடப்படும். ஆய்வு, மதிப்பீடு, மன்ற அனுமதி என்று மூன்றையும் பிரித்துக் கேட்டால் பதிலும் மூன்றுக்கும் சொல்லியாக வேண்டும்.

மனுக்களுக்கு 3 நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று தமிழக அரசின் ஆணை இருக்கிறது: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99, நாள் 21.09.2015. மனுவின் தொடக்கத்தில் ஆணைகளையும் பழைய கடிதங்களையும் குறிப்பிடும் 'பார்வை' பகுதியில் இதை எழுதுங்கள். சண்டை போடுவதற்காக இல்லை, உங்களுக்குக் கெடு தெரியும் என்று காட்டுவதற்காக.

4. தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்குங்கள்

மனுவைப் பொறியாளர் கையிலோ கவுன்சிலர் கையிலோ கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் போட்டு வாங்குங்கள். "ஐயா உள்ளே இருக்கார், நேரா கொடுத்துடுங்க" என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் தபால் எண் வாங்கிய பிறகு. எண் இல்லாத மனுவை அலுவலகம் பார்த்ததாகவே சொல்லாது. முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனு கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. "அஜெண்டாவுல வைக்கணும்னா கொஞ்சம் செலவாகும்" என்று இடையில் ஆள் வந்தால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கட்டணம் எந்த விதியிலும் இல்லை. அதிகாரியே கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

5. மதிப்பீடு வரும் வரை பொறியியல் பிரிவை விடாதீர்கள்

பெரும்பாலான கோரிக்கைகள் உயிரை விடுவது இங்கேதான். மனு தபால் பிரிவிலிருந்து ஆணையரின் குறிப்போடு பொறியியல் பிரிவுக்கு வரும். அங்கிருந்து பணி ஆய்வாளரோ உதவிப் பொறியாளரோ இடத்தைப் பார்க்க வர வேண்டும். அவர் அளந்து, மதிப்பீடு தயாரித்து, பொறியாளர் கையெழுத்துப் போட்டு, "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கலாம்" என்று அலுவலகக் குறிப்பு எழுதினால்தான் அது அஜெண்டாவுக்குப் போகும். இந்தக் குறிப்பு எழுதப்படாத வரை தலைவரே நினைத்தாலும் கூட்டத்தில் உருப்படியான முடிவு எடுக்க முடியாது. மதிப்பீட்டுத் தொகை இல்லாமல் எதற்கு ஒப்புதல் கொடுப்பது?

தபால் எண்ணைச் சொல்லி, கோப்பு எந்த உதவியாளரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இடம் பார்க்க எப்போது வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அன்றைக்கு தெருவில் இரண்டு மூன்று பேர் இருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தை நீங்கள் காட்டாவிட்டால் காய்ந்த தெருவைப் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். நீளத்தை உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

"நிதி இல்லை" என்ற பதில் நிச்சயம் வரும். அது முடிவான பதில் இல்லை. எந்த நிதியில் இல்லை என்று கேளுங்கள். நகராட்சிக்குப் பொது நிதி இருக்கிறது, மத்திய நிதிக்குழு மானியம் வருகிறது, மாநில அரசின் நகர்ப்புறத் திட்டங்கள் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தும் நகராட்சி எல்லைக்குள் வேலை செய்யலாம். தெருக்காரர்கள் கொஞ்சம் வசதியானவர்கள் என்றால் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலைகளைப் புனரமைக்கும் வேலை என்றால் மக்கள் பங்கு பாதி. பணத்தை நகராட்சிக் கணக்கில்தான் கட்ட வேண்டும், ஒப்பந்ததாரர் கையிலோ கவுன்சிலர் கையிலோ அல்ல.

6. கவுன்சிலரிடம் எதைக் கேட்பது

"எங்களுக்காகக் கூட்டத்தில் பேசுங்கள்" என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் உறுப்பினர்கள் வார்டுக் குறைகளைப் பொதுவாகப் பேசும் நேரம் ஒன்று உண்டு. குடிநீர், குப்பை, நாய் எல்லாம் அதில் வரும். தலைவர் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பார், அடுத்த உறுப்பினர் எழுந்திருப்பார். அந்தப் பேச்சு தீர்மானம் ஆகாது. செய்தியில் வந்தாலும் ஆகாது.

இப்படிக் கேளுங்கள்: "எங்கள் தெரு வடிகால் வேலையை மதிப்பீட்டோடு அடுத்த அஜெண்டாவில் பொருளாகச் சேர்க்கச் சொல்லி, தலைவருக்கும் ஆணையருக்கும் எழுத்தில் கடிதம் கொடுங்கள். அதில் எங்களுக்கு ஒரு நகல் வேண்டும்." தபால் எண், நீளம், படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிது. பல கவுன்சிலர்கள் முதல் முறையாக வந்தவர்கள், அலுவலக நடைமுறையை அவர்களும் நம்மோடு சேர்ந்துதான் கற்கிறார்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் ஒரு பயனும் இல்லை. அவர் எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் இதைச் செய்யலாம். பொருள் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கும் உரிமை எல்லா உறுப்பினருக்கும் ஒன்றுதான்.

இதற்குத் துணையாகப் பகுதி சபையைப் பயன்படுத்துங்கள். கிராமங்களுக்குக் கிராம சபை போல, நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபைகளும் வார்டு குழுவும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் வாய் திறக்க முடியாது. பகுதி சபையில் நீங்களே எழுந்து பேசலாம். பேசுவதோடு விடாமல், உங்கள் கோரிக்கை அன்றைய பதிவேட்டில் எழுதப்பட்டதைப் பார்த்த பிறகுதான் இடத்தை விட்டு எழ வேண்டும். உங்கள் வார்டில் கூட்டம் கூட்டவே இல்லை என்றால், எப்போது கூட்டப்படும் என்று ஆணையருக்கு ஒரு தனி மனு போடுங்கள்.

7. அஜெண்டாவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு அஜெண்டா உறுப்பினர்களுக்குப் போய்விடும். உங்கள் கவுன்சிலரிடம் கேட்டு உங்கள் பக்கத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கும் (மாதிரிதான்):

"பொருள் எண் 17: வார்டு எண் 9, வடக்குத் தெருவில் கதவு எண் 1 முதல் 20 வரை மழைநீர் வடிகால் அமைக்கும் பணிக்கு ரூ.6.50 லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி செலவினத்தைப் பொது நிதியில் மேற்கொள்ள மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்."

இதில் நான்கு இடங்களைப் பாருங்கள். வார்டும் தெருப் பெயரும் சரியா? ஒரே பெயரில் இரண்டு தெரு இருக்கும் ஊர்கள் உண்டு. கதவு எண் எங்கே முடிகிறது? நீங்கள் கேட்டது 42 வரை, இங்கே 20 வரைதான் இருக்கிறது. பாதித் தெருவுக்கு வடிகால் போட்டால் தண்ணீர் மறுபாதி வீடுகளில் போய்க் கொட்டும். எந்த நிதி என்று எழுதியிருக்கிறதா? அலுவலகக் குறிப்பில் "அனுமதிக்கலாம்" என்று இருக்கிறதா, "மன்றத்தின் பார்வைக்கு" என்று மட்டும் இருக்கிறதா? பார்வைக்கு வைத்தது தகவலுக்காக வைத்தது, அதை நம்பி டெண்டர் விட முடியாது.

பிழை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே பொறியியல் பிரிவுக்கும் கவுன்சிலருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். தீர்மானம் ஆனபின் திருத்த வேண்டுமானால் மறுபடியும் மன்றத்துக்கே வர வேண்டியிருக்கும்.

8. கூட்ட நாள்

வழக்கமாக மாதம் ஒரு முறை கூட்டம் நடக்கும். பார்வையாளராக உட்கார விரும்பினால் தலைவருக்கும் ஆணையருக்கும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நேரே போய் வாசலில் நின்றால் உள்ளே விடாமலும் போகலாம். உள்ளே போனால் பேசக் கூடாது, கோஷம் கூடாது, படம் பிடிக்கத் தனியே அனுமதி கேட்க வேண்டும்.

பொருள்கள் வேகமாக ஓடும். எழுத்தர் எண்ணைப் படிப்பார், யாரும் மறுக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். உங்கள் எண் வரும்போது முடிவு என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்: அனுமதிக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா. ஒத்திவைத்த பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மறுநாளே, "இன்ன தேதி கூட்டத்தில் ஒத்திவைத்த பொருள் எண் 17-ஐ அடுத்த கூட்டத்தில் வைக்கவும்" என்று ஒரு பக்க மனு கொடுத்து அதற்கும் தபால் எண் வாங்குங்கள்.

உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தால் பதற வேண்டாம். தேவையான எண்ணிக்கை உள்ளே இருந்தால் மீதிப் பொருள்கள் நிறைவேறிக்கொண்டேதான் இருக்கும்.

9. தீர்மான நகலை வாங்குங்கள்

"பாஸ் ஆயிடுச்சு" என்று கவுன்சிலர் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். தீர்மான எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலில் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கட்டணம் ரூ.10. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டிவிடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போர் சான்று இணைத்தால் கட்டணம் கிடையாது. நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

"ஏன் செய்யவில்லை?" என்று கேள்வி எழுதாதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

- இன்ன தேதி நடந்த நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் எண் 17 தொடர்பான தீர்மானத்தின் நகல்
- அந்தப் பணிக்கான மதிப்பீட்டின் நகல்
- அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்

மூன்றாவது நல்ல ஆயுதம். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அதில் தேதியோடு இருக்கும். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை, அல்லது வந்த பதில் அரைகுறை என்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1)-இன் கீழ். அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையத்தில் விசாரணைக்கு வர நீண்ட காலம் ஆகும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நடைமுறையில் முதல் மேல்முறையீடு போய்ச் சேர்ந்ததுமே பல அலுவலகங்களில் நகல் வந்துவிடுகிறது.

10. எப்போது தொடங்குவது

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் அதற்கு முன் மன்றத்தில் வைக்கப்படும். வடிகால் கேட்பவர்கள் வடகிழக்குப் பருவமழையின்போதே, அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், படங்களை எடுத்து மனுவைக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிற்கும்போதே ஆய்வுக்கு வந்தால் வாதம் மிச்சம். ஜனவரிக்குள் மதிப்பீடு தயாராகிவிட்டால் அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் சேர வாய்ப்பு இருக்கிறது. மே மாதம் மனு கொடுத்தால் காய்ந்த தெருவும் ஒதுக்கி முடித்த நிதியும்தான் எதிரில் நிற்கும்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புது வேலைகளுக்கு ஒப்புதலும் டெண்டரும் நின்றுவிடும். தேர்தல் வரும் ஆண்டு என்றால் அறிவிப்புக்கு முன் பணி ஆணை வரை கொண்டுபோகப் பாருங்கள். தொடங்கிவிட்ட வேலைக்குத் தடை இல்லை.

11. தீர்மானத்துக்குப் பிறகு

தீர்மானம் ஆன வேலை டெண்டருக்குப் போக வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி தர குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் என்றால் 30 நாள். உங்கள் தெரு வேலை முதல் வகையில்தான் வரும். யாரும் ஒப்பந்தப்புள்ளி போடாவிட்டால் மறு டெண்டர், மறுபடியும் அதே காத்திருப்பு. சின்னத் தொகை வேலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்துத் தெரு வேலையோடு ஒரே தொகுப்பாகச் சேர்க்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

ஒப்பந்ததாரர் முடிவானதும் பணி ஆணை வரும். அதன் நகலில் தொடங்க வேண்டிய தேதி, முடிக்க வேண்டிய தேதி, தொகை மூன்றும் இருக்கும். ஆணை வந்து வாரங்கள் ஆகியும் ஜல்லி இறங்கவில்லை என்றால் அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு ஆணையருக்கு மனு, அதிலும் அசைவு இல்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு. அங்கே போகும்போது தபால் எண், தீர்மான எண், பணி ஆணை எண் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். எண்களோடு வந்த மனுவை "ஆய்வு செய்து பதில் அளிக்கவும்" என்று பொதுவாகத் திருப்பி அனுப்பிவிட முடியாது.

வேலை நடக்கும்போது மதிப்பீட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வடிகாலின் அகலம், ஆழம், கான்கிரீட் கனம், மூடி எத்தனை என்று பாருங்கள். குறைந்தால் வேலையாளிடம் சண்டை போடாமல் அளவு நாடாவோடு படமெடுத்து அன்றைக்கே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகுதான் ஒப்பந்ததாரருக்கு பில் தொகை போகும். உங்கள் புகார் அதற்கு முன் கோப்பில் ஏறியிருந்தால் உடைத்துத் திரும்பக் கட்டச் சொல்ல அவருக்கும் பிடிமானம் இருக்கும். தொகை போன பிறகு கொடுத்த புகாருக்கு அந்த வலு இருக்காது.